உலகம் சுற்றிய இப்னு பதூதா

அயலூரில் கால் வைத்த ஒருவன் முதலில் எதைத் தேடுகிறான்? உண்ண ஒரு பிடி சோறு, படுக்க ஒரு திண்ணை, பேச ஒரு மனிதன். இம்மூன்றையும்தான் தேடுகிறான். இன்று ஊர்தோறும் விடுதிகள் உண்டு. வழிகாட்ட வரைபடம் உண்டு. வீட்டாரோடு நொடியில் பேசத் தொலைபேசி உண்டு. இவற்றுள் ஒன்றுமே இல்லாத காலத்தில், ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன், ஆப்பிரிக்காவின் வடமேற்கு மூலையிலிருந்து சீனம் வரை சென்று மீண்டார் ஒருவர். அவர்தாம் இப்னு பதூதா.

முகமது பின் துக்ளக்கின் அவையில் இருந்த அயல்நாட்டுப் பயணி என்ற அளவில் வரலாற்று மாணவர்கள் அவரை அறிவர். தேர்வுக்கு அந்த ஒரு வரி போதும். அந்த மனிதரை அறிய அது போதாது. அவர் புகுந்த ஊர்களில் எல்லாம் அவருக்காகத் திறந்திருந்த கதவு ஒன்று உண்டு. அது பள்ளிவாசலின் கதவு. அக்கதவு அவருக்குத் தந்தவை எவை, தர இயலாதவை எவை என்று பார்த்தால் அவர் வாழ்வின் முழு உருவம் நமக்குத் தெரியும்.

பிறப்பும் புறப்பாடும்

மொராக்கோ நாட்டின் தாஞ்சியர் நகரில் 1304ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் இப்னு பதூதா பிறந்தார். அவருடைய குடும்பம் காஜிகளைத் தந்த குடும்பம். இசுலாமியச் சட்டத்தின் நான்கு நெறிகளுள் ஒன்றான மாலிக்கி நெறியை அவர் கற்றார். 1325ஆம் ஆண்டு சூன் 14ஆம் நாள், ஹஜ் கடமையை நிறைவேற்ற மக்காவை நோக்கித் தனியாகப் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது 21. தாயும் தந்தையும் உயிரோடிருந்தனர். அவர்களைப் பிரிவது அவருக்கும், அவரைப் பிரிவது அவர்களுக்கும் பெருந்துயராக இருந்தது. ஓராண்டு, ஈராண்டில் திரும்பிவிடுவார் என்றே பெற்றோர் எண்ணியிருக்கக்கூடும். அவர் திரும்பி வந்தபோது இருபத்து நான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன.

வழியில் வணிகக் கூட்டம் ஒன்றுடன் சேர்ந்து துனிஸ் நகரை அடைந்தார். ஊரார் எதிர்கொண்டு வந்து, உடன்வந்தோரை எல்லாம் நலம் உசாவித் தழுவிக்கொண்டனர். அறிமுகம் இல்லாத அந்த இளைஞரை மட்டும் ஏனென்று கேட்பார் இல்லை. தனிமை நெஞ்சை அடைக்க, அவர் வாய்விட்டு அழுதுவிட்டார். அதைக் கண்ட யாத்திரிகர் ஒருவர் அருகில் வந்து, சலாம் கூறி, நகருக்குள் நுழையும் வரை அன்போடு பேசிக்கொண்டே உடன் நடந்தார். அந்த யாத்திரிகரின் பெயர் நமக்குத் தெரியாது. எனினும், முப்பதாண்டுகள் கழித்துத் தம் வரலாற்றைச் சொல்லத் தொடங்கியபோது, இப்னு பதூதா அந்தச் சிறு அன்பை மறவாமல் சொன்னார். துனிஸிலிருந்து மக்கா நோக்கிப் புறப்பட்ட கூட்டம் அவரையே தன் காஜியாக அமர்த்திக்கொண்டது. அழுதுகொண்டு ஊருக்குள் நுழைந்தவர், நீதிபதியாக அவ்வூரை விட்டுப் புறப்பட்டார்!

டமாஸ்கஸின் பெரிய பள்ளிவாசல்

எகிப்தைக் கடந்து 1326ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், ரமலான் நோன்புக் காலத்தில், அவர் டமாஸ்கஸ் நகருக்கு வந்தார். அரபியர் திமிஷ்க் என்று அழைக்கும் பழம்பெரும் நகரம் அது. அதன் நடுவே உமையாப் பெரும் பள்ளிவாசல் நின்றது, இன்றும் நிற்கிறது. உரோமானியர் காலத்தில் ஜூபிடர் கோயிலும், பின்னர்க் கிறித்தவ ஆலயமும் இருந்த இடம் அது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலீபா முதலாம் வலீது அங்கே இப்பள்ளிவாசலை எழுப்பினார். வண்ணக் கற்சில்லுகளால் மரங்களும் ஆறுகளும் மாளிகைகளும் தீட்டப்பட்ட சுவர்கள், மூன்று மினாராக்கள், அகன்ற முற்றம், உள்ளே யஹ்யா நபியின் அடக்கத்தலம் என்று கண்டோர் வியக்கும் கட்டடம் அது. இப்னு பதூதாவின் நூலில் இப்பள்ளிவாசலைப் பற்றிய வருணனையிற் பெரும்பகுதி, அவருக்கு ஒன்றரை நூற்றாண்டு முற்பட்ட பயணியாகிய இப்னு ஜுபைரின் நூலிலிருந்து எடுக்கப்பட்டது என்று அறிஞர் கண்டுள்ளனர். ஆனால், அங்கே அவர் பெற்ற அனுபவம் யாரிடமும் கடன் வாங்கியதன்று.

அப்பள்ளிவாசல் தொழுமிடமாக மட்டும் இருக்கவில்லை. ஒரு பல்கலைக்கழகமாகவும் விளங்கியது. தூண்தோறும் ஓர் ஆசான் சாய்ந்தமர, அவரைச் சுற்றி மாணவர் வட்டமாக அமர்ந்து கற்றனர். அங்கே முதுபெரும் ஆசான் ஒருவர் முன்னிலையில், நபிமொழித் தொகுப்பான சஹீஹ் புகாரி முழுவதும் பதினான்கு அமர்வுகளில் ஓதப்படக் கேட்டார் இப்னு பதூதா. ஆசிரியர்கள் சிலரிடம் கற்பிக்கும் உரிமைச் சான்றும் பெற்றார். பிற்காலத்தில் எந்த ஊருக்குச் சென்றாலும், கற்றவர் என்ற மதிப்பைத் தந்து அவருக்குச் சோறு போட்டவற்றுள் இந்தச் சான்றுகளும் அடங்கும்.

அந்நகரின் வக்பு அறக்கட்டளைகள் அவரைப் பெரிதும் கவர்ந்தன. ஹஜ் செல்ல இயலாதவர்க்கு ஒன்று, ஏழைப் பெண்களின் திருமணச் சீர்வரிசைக்கு ஒன்று, சிறைப்பட்டோரை மீட்க ஒன்று, வழிப்போக்கர்க்கு உணவும் உடையும் ஊர் திரும்பச் செலவும் தர ஒன்று என அவை பல திறத்தன. ஒருநாள் தெருவில் அடிமைச் சிறுவன் ஒருவன் சீனப் பீங்கான் தட்டு ஒன்றைக் கீழே போட்டு உடைத்துவிட்டு நடுங்கி நின்றான். கூடியிருந்தோருள் ஒருவர், உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு பாத்திர அறக்கட்டளையின் பொறுப்பாளரிடம் செல்லுமாறு சொன்னார். அவனுக்குப் புதிய தட்டின் விலை கிடைத்தது. எசமானனின் அடியிலிருந்து ஒரு சிறுவனைக் காக்கவும் ஓர் அறம் இருந்தது! ஊரின் கட்டட அழகைக் காட்டிலும் இவ்வுள்ளத்தின் அழகு அவர் மனத்தில் ஆழப் பதிந்தது.

அங்கே மாலிக்கி நெறி ஆசிரியராக இருந்த நூருத்தீன் ஸகாவி என்பவர் இளைஞரோடு நட்புப் பூண்டார். நோன்பு திறக்கச் சில இரவுகள் அவரைத் தம் வீட்டிற்கு அழைத்தார். காய்ச்சல் கண்டு இப்னு பதூதா வராமல் போனபோது, தேடி வந்து தம் வீட்டிலேயே தங்கவைத்து மருத்துவம் செய்வித்தார். பெருநாளன்று நோய் தீர்ந்தது. கைப்பணமும் தீர்ந்திருந்தது. அதையறிந்த ஸகாவி ஒட்டகங்களையும் வழிச்செலவையும் தாமே தந்து வழியனுப்பினார். இந்தப் பெயரைப் படிப்போர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். மீண்டும் இவரைச் சந்திப்போம்.

வியப்பும் திகைப்பும்

மக்காவில் ஹஜ் கடமையை முடித்தவர், வீடு திரும்பவில்லை. பயணம் அவரைப் பற்றிக்கொண்டது. ஈராக்கின் பஸரா நகரில் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குச் சென்றார். அங்கே சொற்பொழிவாற்றியவர் இலக்கணப் பிழை மலியப் பேசினார். அரபு இலக்கணத்திற்கே தாய்வீடு பஸரா. பேரிலக்கண ஆசிரியர் சீபவைஹி வளர்ந்த ஊர் அது. அவ்வூரிலா இந்நிலை என்று திகைத்து, உடனிருந்தவரிடம் கேட்டார். இலக்கணம் அறிந்தவர் எவரும் இப்போது இவ்வூரில் இல்லை என்ற விடையே கிடைத்தது. முன்னோர் புகழ் மட்டும் ஓர் ஊரைக் காக்காது. கற்போர் தொடர்ந்து வந்தால்தான் கல்வி நிலைக்கும் என்பதை நம் போன்ற மாணவர்களுக்கு உணர்த்தும் நிகழ்ச்சி இது.

கீழை ஆப்பிரிக்கக் கடற்கரையில் மொகதிஷு, மொம்பாசா, கில்வா ஆகிய துறைமுகங்களைக் கண்டார். மொம்பாசாவில் மரத்தால் உறுதியாகக் கட்டப்பட்ட பள்ளிவாசல்களைப் பாராட்டினார். பின்னர் ஆசியா மைனரைக் கடந்து, கருங்கடற் கரையில் ஜெனோவா நாட்டுக் கிறித்தவ வணிகர் நிறைந்த காபா நகரை அடைந்து, அங்கிருந்த பள்ளிவாசலில் தங்கினார். சிறிது நேரத்தில் நாற்புறமும் மணியோசை முழங்கியது. தேவாலய மணியை அவர் அதற்குமுன் கேட்டதில்லை. அஞ்சிய அவர், தோழர்களை மினாராவில் ஏறித் திருக்குர்ஆன் ஓதவும் பாங்கு சொல்லவும் ஏவினார். உடனே கவசம் அணிந்து ஆயுதம் தாங்கிய ஒருவர் ஓடி வந்தார். அவர் அவ்வூர் முஸ்லிம்களின் காஜி! ஓதும் ஒலி கேட்டு, வந்தவர்களுக்கு என்ன ஆகுமோ என்று அஞ்சி வந்திருந்தார். நல்வாய்ப்பாகத் தீங்கு ஒன்றும் நேரவில்லை. தம் அச்சத்தையும் அவசரத்தையும் மறைக்காமல் சொல்லியிருப்பது இப்னு பதூதாவின் நேர்மைக்குச் சான்று.

தில்லியும் கோழிக்கோடும்

1333ஆம் ஆண்டு செப்டம்பரில் சிந்து நதியை அடைந்து, பின்னர்த் தில்லி சேர்ந்தார். சுல்தான் முகமது பின் துக்ளக் அவரை ஆண்டுக்கு 12,000 தினார் ஊதியத்தில் காஜியாக அமர்த்தினார். ஊர் மொழி அவருக்குத் தெரியாது. அவர் கற்ற சட்ட நெறியும் அங்கே வழக்கில் இருந்த நெறியன்று. ஆகவே துணைவர் இருவர் தரப்பட்டனர். குதுப்மினார் நிற்கும் பெரிய பள்ளிவாசலின் முற்றத்தில் உள்ள தூணைக் கண்டு வியந்து, அது ஏழு உலோகக் கலவை என்று கேள்விப்பட்டதைச் சொன்னார். அது துருப்பிடிக்காத இரும்புத் தூண் என்பதை இன்று நாம் அறிவோம்.

வாரி வழங்கிய கையே வாளும் ஏந்தியது. சுல்தானின் சினத்திற்கு ஆளான துறவி ஒருவரைச் சந்தித்த குற்றத்திற்காக இப்னு பதூதாவைக் காவலர் சூழ்ந்தனர். அவர் ஐந்து நாள் உண்ணாமல் நோன்பிருந்து ஓதினார். துறவி கொல்லப்பட்டார், இவர் தப்பினார். பதவியைத் துறந்து, உடைமைகளை ஏழைகளுக்கு வழங்கிவிட்டுச் சிலகாலம் துறவியாகவே வாழ்ந்தார். பின்னர்ச் சுல்தான் அவரைச் சீனப் பேரரசருக்குத் தூதராக அனுப்பினார்.

பரிசுப் பொருள்களுடன் தூதுக்குழு மலையாளக் கரையின் கோழிக்கோட்டை அடைந்தது. சாமூதிரி மன்னர் ஆண்ட அத்துறைமுகத்தில் சீனக் கப்பல்கள் நின்றன. மிஸ்கால் என்னும் பெருஞ்செல்வரான கப்பலுடைய வணிகரும் அங்கே இருந்தார். குற்றிச்சிறையில், கும்மட்டமும் மினாராவும் இல்லாமல், மர வேலைப்பாட்டோடு ஓட்டுக்கூரை அடுக்கடுக்காய் எழ நிற்கும் மிஸ்கால் பள்ளி இன்றும் அவர் பெயரைத் தாங்கியுள்ளது. பொருள்களும் ஆட்களும் கப்பலேறினர். இப்னு பதூதா மட்டும் வெள்ளிக்கிழமைத் தொழுகையைக் கரையில் தொழுதுவிட்டு வர விரும்பித் தங்கினார். அதற்குள் கடல் கொந்தளித்தது. பரிசுகளை ஏற்றிய பெருங்கப்பல் உடைந்து, உடன்வந்த தூதர்களின் உடல்கள் கரையொதுங்கின. அவருடைய உடைமைகள் இருந்த மற்றொரு கப்பல் அவரை விட்டுவிட்டே பாய்விரித்துப் போயிற்று. விரித்துப் படுக்க ஒரு விரிப்பும் பத்துத் தினாரும் மட்டுமே கையில் எஞ்சின. ஒரு வெள்ளிக்கிழமைத் தொழுகை அவர் உயிரைக் காத்தது. மற்ற அனைத்தையும் கடல் கொண்டது.

தீவுகளும் தமிழகமும்

தில்லிக்குத் திரும்ப அஞ்சி, மாலைத்தீவுக்குச் சென்றார். அங்கே கதீஜா என்னும் அரசி ஆண்டுகொண்டிருந்தார். அந்நாட்டின் காஜியாக அமர்த்தப்பட்ட இப்னு பதூதா மிகக் கடுமையாக நடந்துகொண்டார். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு வாராதவரை அடித்து ஊர்வலமாக நடத்தினார். பெண்களின் மரபுவழி உடையை மாற்ற முயன்று தோற்றார். துனிஸ் வாயிலில் அழுத இளைஞரும், இங்கே பிரம்பைக் கையிலெடுத்த காஜியும் ஒருவரேயாவர். அயலவனாய் வந்தவன் அதிகாரம் பெற்றதும் ஊரார் வழக்கை மதிக்கத் தவறுவது உண்டு. அக்குறை அவரிடமும் இருந்தது. அமைச்சரோடு பகை மூண்டது. 1344ஆம் ஆண்டு தீவை விட்டுப் புறப்பட்டார்.

இலங்கையில் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியின் விருந்தினராகி, பாவா ஆதம் மலையில் ஏறிப் பாதச் சுவட்டைக் கண்டார். அங்கிருந்து கிளம்பிய கப்பல் தமிழகக் கரையருகே உடைந்தது. மதுரையை அப்போது ஆண்ட சுல்தான் கியாசுத்தீன், இப்னு பதூதாவின் மனைவியருள் ஒருவருக்குச் சகோதரியின் கணவர். ஆதலால் உதவி கிடைத்தது. எனினும், போரில் பிடிபட்ட இந்துக்களையும் அவர்தம் மனைவி மக்களையும் அச்சுல்தான் கொன்ற கொடுமையைக் கண்டு இப்னு பதூதா அருவருத்தார். தம் சமயத்தவர், உறவினர், உப்பிட்டவர் என்று பாராமல், அது இழிசெயல் என்றே பதிவு செய்தார். நம் நாட்டு வரலாற்றுக்கு அவர் விட்டுச்சென்ற சாட்சியங்களுள் இது மதிப்புமிக்கது. பத்தன் என்று அவர் பெயரிடும் துறைமுகத்தில் கல்லால் ஆன அழகிய பள்ளிவாசலையும் கண்டார். அத்துறைமுகம் எது என்பதில் அறிஞர் ஒருமித்த கருத்துக் கொள்ளவில்லை. மதுரையில் கொள்ளைநோய் பரவி, தொற்றியவர் ஓரிரு நாளில் மடிவதையும் பார்த்தார்.

மாலைத்தீவில் அவருக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்திருந்தது. மீண்டும் அங்கே சென்று, இரண்டு வயதான மகனைக் கண்டார். தம்மோடு அழைத்துச் செல்ல எண்ணி வந்தவர், தாயிடம் இருப்பதே குழந்தைக்கு நல்லது என்று தேர்ந்து விட்டுவிட்டுப் போனார். அம்மகனை அவர் மீண்டும் கண்டதில்லை.

வங்கம், சுமத்ரா வழியாகச் சீனத்தின் ஜைத்தூன் துறைமுகத்தை அடைந்தார். இன்று குவான்சோ எனப்படும் அந்நகரில் 1009ஆம் ஆண்டு நிறுவப்பட்ட கற்பள்ளிவாசல் ஒன்று உண்டு. சீனத்தின் செல்வமும் ஒழுங்கும் அவரை வியப்பில் ஆழ்த்தின. ஆனால் மனம் ஒட்டவில்லை. முஸ்லிம்களைக் காணும்போதெல்லாம் தம் குடும்பத்தாரையே கண்டதுபோல் மகிழ்ந்தார். ஒரு நகரில் அவரைக் காண வந்த அறிஞர், தாஞ்சியருக்கு அருகிலுள்ள சப்தா ஊரினர் என்று தெரிந்ததும், இருவரும் அழுதுவிட்டனர். அந்த அறிஞரின் உடன்பிறந்தாரைப் பிற்காலத்தில் சகாராப் பாலைவன விளிம்பில் உள்ள சிஜில்மாஸாவில் சந்தித்தார். இரு சகோதரரிடையே எத்தனை தொலைவு என்று எண்ணி எண்ணி வியந்தார்.

மீண்டும் அதே முற்றம்

1348ஆம் ஆண்டு தொடக்கத்தில் இப்னு பதூதா மீண்டும் டமாஸ்கஸ் வந்தார். இருபது ஆண்டுகளுக்கு முன் கருவுற்றிருந்த மனைவி ஒருவரை அந்நகரில் விட்டுச் சென்றிருந்தார். ஆண் மகவு பிறந்த செய்தி இந்தியாவில் இருந்தபோது எட்டியது. குழந்தையின் தாய்வழிப் பாட்டனாருக்கு நாற்பது பொன் தினார் அனுப்பினார். அம்மகனைப் பற்றி அறிய வேண்டும் என்பதைத் தவிர வேறு எண்ணம் இல்லாமல் நேரே பெரிய பள்ளிவாசலுக்குள் நுழைந்தார்.

அங்கே இருந்தவர் நூருத்தீன் ஸகாவி! அன்று நோயில் தம்மைக் காத்த அதே பெரியவர். ஆனால், அவருக்கு இவரை அடையாளம் தெரியவில்லை. தாம் யார் என்று சொல்லி, மகனைப் பற்றிக் கேட்டார். அவன் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின என்று ஸகாவி கூறினார். கணக்கிட்டால், அச்சிறுவன் பத்து வயதளவில் மறைந்திருக்கிறான். தாஞ்சியர் ஊரினர் ஒருவர் அங்கே மத்ரசாவில் இருப்பதாகக் கேட்டு அவரிடம் ஓடினார். தந்தை இறந்து பதினைந்து ஆண்டுகள் ஆயின, தாய் உயிரோடிருக்கிறார் என்று அவர் தெரிவித்தார். எந்தப் பள்ளிவாசல் அவருக்குக் கல்வியும் நட்பும் தந்ததோ, அதே பள்ளிவாசலில்தான் தாம் இழந்தவற்றின் கணக்கையும் அவர் கேட்டார்.

அவ்வாண்டே கறுப்புக் கொள்ளைநோய் பரவியது. அலெப்போ சென்று சூலையில் திரும்பியவர் டமாஸ்கஸில் ஒரு காட்சியைக் கண்டார். மக்கள் மூன்று நாள் நோன்பிருந்து, பெரிய பள்ளிவாசலில் கூடி, இரவெல்லாம் தொழுது அழுதனர். விடிந்ததும் திருக்குர்ஆனை ஏந்தி வெறுங்காலோடு நடந்தனர். யூதர்கள் தம் தவ்ராத்தையும், கிறித்தவர்கள் தம் இன்ஜீலையும் ஏந்தி, ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக உடன் நடந்தனர். அனைவரும் இறைவனிடம் ஒரே கருணையை இறைஞ்சினர். காபாவில் அயலார் மணியோசைக்கு அஞ்சிய மனிதர், இங்கே மூன்று சமயத்தாரின் அழுகையும் ஒன்றாகக் கலந்ததைக் கண்டார். கண்டதை அப்படியே பதிவும் செய்தார்.

நிறைவு

மீண்டும் ஒருமுறை ஹஜ் செய்துவிட்டு, 1349ஆம் ஆண்டு இறுதியில் மொராக்கோ திரும்பினார். தாயையேனும் காணலாம் என்ற எண்ணமும் நிறைவேறவில்லை. வழியில் தாஸா நகரிலேயே, தாயும் கொள்ளைநோயில் இறந்துவிட்ட செய்தி காத்திருந்தது. தாஞ்சியர் சென்று தாயின் கல்லறையைக் கண்டார். பின்னர் ஸ்பெயினின் கிரனாடாவுக்கும், 1352 முதல் சகாராவைக் கடந்து மாலி நாட்டிற்கும் சென்றார். மாலியில் வெள்ளிக்கிழமைகளில் முன்கூட்டியே வராதவருக்கு இடம் கிடைக்காது. ஆதலால், மக்கள் தம் சிறுவர்களிடம் தொழுகை விரிப்பைக் கொடுத்தனுப்பி இடம் பிடிப்பதைக் கண்டு மகிழ்ந்தார்.

மொராக்கோ சுல்தான் அபூ இனானின் ஆணைப்படி, அவர் சொல்லச் சொல்ல, இப்னு ஜுஸய் என்னும் அறிஞர் எழுதினார். 1355ஆம் ஆண்டு டிசம்பரில் நிறைவுற்ற அந்நூலே ரிஹ்லா என்று வழங்குகிறது. கிறித்தவ ஆண்டு 1368-69 அளவில், தம் நாட்டின் ஓர் ஊரில் காஜியாக இருந்தபோது அவர் மறைந்தார். அவர் கடந்த தொலைவு 1,15,000 கிலோமீட்டருக்கு மேல் என மதிப்பிடுவர். நூலின் சில பகுதிகளை அறிஞர் ஐயுறுகின்றனர். எனினும் பதினான்காம் நூற்றாண்டு உலகை அறிய அதற்கு இணையான நூல்கள் மிகச் சிலவே.

நண்பர்களே! இப்னு பதூதாவுக்கு ஊர்தோறும் கதவு திறந்தது. ஆனால் கதவு தானாகத் திறக்கவில்லை. துனிஸில் பெயர் தெரியாத யாத்திரிகர் ஒருவரும், டமாஸ்கஸில் ஸகாவி என்ற ஆசிரியரும் அதைத் திறந்தனர். அவரை வரவேற்ற அந்தக் கதவுகள், அவர் விட்டுவந்த மகனையும் தாயையும் அவருக்குத் திருப்பித் தர இயலவில்லை. பயணத்தின் பெருமையோடு அதன் விலையையும் அவர் மறைக்காமல் சொன்னார்.

ஒவ்வோர் ஆண்டும் நம் கல்லூரி திறக்கும்போது, தொலைவூரிலிருந்து பெட்டியோடு வந்து, எவரையும் அறியாமல் விடுதி வாயிலில் நிற்கும் புதிய மாணவர் சிலரைக் காண்கிறோம். அவரிடம் சென்று பெயரைக் கேட்டு, உள்ளே வரை உடன் நடப்பது சிறு செயல்தான். எழுநூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் செய்த அத்தகைய சிறு செயலை, உலகம் சுற்றிய அந்தப் பெரியவர் கடைசி வரை மறக்கவில்லை.